பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத மாடு

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் எட்டயபுரத்துச் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு நம் பக்கத்து மக்கள் புறப்பட்டுவிடுவார்கள். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என்று இந்த வறண்ட சீமையின் ஊர்களிலிருந்து குர்பானி ஆடு தேடிப் போகிறவர்கள் அங்கே செய்யும் முதல் காரியம் ஒன்றேதான். ஆட்டின் கீழுதட்டை விரலால் விலக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். விற்கிறவர் வயதைச் சொல்லத்தான் செய்வார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாங்குகிறவரின் கை பல்லுக்குப் போய்விடும். இதில் விற்கிறவருக்கு வருத்தமும் இல்லை, வாங்குகிறவருக்குக் கூச்சமும் இல்லை. உழவு மாட்டுக்கும், எல்கைப் பந்தயத்தில் ஓடும் மாட்டுக்கும் இதே முறைதான். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று எண்ணி, எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்கப்பால் தேய்மானத்தைக் கொண்டு வயதைக் கணிப்பார்கள். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி வயதை மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பல்லிடம் அந்த வித்தை எடுபடுவதில்லை.

நாம் இங்கே எழுத வந்தது மாட்டைப் பற்றி அன்று. பல் இல்லாத ஒரு பொருளைப் பற்றி.

அருப்புக்கோட்டையில் நமக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அத்தா நூல் வியாபாரம் செய்தவர். மர்ஹூமாகி ஆண்டுகள் பல ஆகின்றன. அவர் விட்டுச் சென்றவற்றுள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றும் உண்டு. இரண்டே கதவுகள் கொண்ட பழைய அமைப்பு. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம் என்பதால் சற்று விரித்துச் சொல்வோம். சென்னைக்குத் தெற்கே வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே இந்த ஹெரால்டு உருவாயிற்று. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்ததன் இந்திய வடிவம் இது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்கத்துக் கூடு, சக்கரங்களை மூடும் தகடுகளோடு சேர்ந்து, முதலை வாயைத் திறப்பது போல முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். குறுகலான தெருவில் ஒரே வீச்சில் திரும்பிவிடும். இதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் அவர்கள் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயச் சாயல் கொண்ட இருவர் வண்டியைச் செய்தார்கள். ஆகவே நம் நண்பரின் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது ஓர் ஓட்டக்காரக் குதிரையின் உடன்பிறப்பு என்று சொன்னால் மிகையில்லை.

தொழிற்சாலை பின்னர் கெஸல் என்ற வண்டியையும், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியையும் செய்து பார்த்தது, நிலைக்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. இன்று ஓடும் நிலையிலுள்ள ஹெரால்டு அரிதாகிவிட்டது. அரிதாகிவிட்டதால் விலையும் வந்துவிட்டது. இடது காலுக்கு வேலையில்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், கிளட்சை மிதித்துக் கையால் கியர் தள்ளி ஓட்டுவதையே ஒரு கலையாக நினைக்கும் இளைஞர்கள் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் இவற்றைத் தேடி வருகிறார்கள். ஹெரால்டின் முதல் கியர் இன்னும் பிடிவாதமானது. வண்டி முழுதும் நின்றால்தான் நோகாமல் விழும். ஓடும்போது திணித்தால் பல்சக்கரங்கள் கத்தும். அந்த வண்டியை ஓட்டியவரின் கைக்குணம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் எழுதப்பட்டிருக்கும். படிக்கத்தான் யாராலும் முடியாது.

நம் வறட்சிக்கும் இதில் ஒரு பங்குண்டு. இவ்வகைக் காரின் அடிச்சட்டத்தைத் தின்பது துரு. கீழக்கரை, தொண்டி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு முன் இரும்பு நில்லாது. நம் பக்கத்திலோ வெயில் ரப்பரைத் தின்னும், பெயிண்ட்டைத் தின்னும், கரிசல் புழுதி எஞ்சினுக்குள் புகுந்து சிலிண்டரைத் தேய்க்கும். ஆனால் சட்டத்தைத் தொடாது. சம்சாரியை ஊரைவிட்டு ஓட வைக்கும் அதே காய்ச்சல் இரும்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அருப்புக்கோட்டை வண்டி என்றால் கோவைக்காரர்கள் காது கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

நண்பருக்குப் பணம் தேவைப்பட்டது. மகளின் கல்லூரிக் கட்டணம். கார் தனியொருவரின் சொத்தன்று, மையித்தின் வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்குண்டு என்பதை அவர் அறிவார். அம்மாவிடமும் சகோதரிகளிடமும் முறையாகச் சம்மதம் பெற்றார். கோவையிலிருந்து ஓர் இளைஞர் வந்து பார்த்தார். இந்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். காரின் அடியில் படுத்துச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, முகம் மலர்ந்து எழுந்தார். மீட்டரைப் பார்த்தார். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. “இவ்வளவு குறைவாகவா ஓடியிருக்கிறது!” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நண்பரைப் பார்த்து அவர் எதையும் கேட்கவில்லை. நண்பரும் எதையும் சொல்லவில்லை. விலை பேசப்பட்டது. அடுத்த வாரம் பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்த மீட்டரில் ஐந்து இலக்கங்கள்தாம் உண்டு. தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் மறுபடி சுழியம். அது சுழியமானதை நண்பர் கண்ணால் கண்டிருக்கிறார். அவர் சிறுவராக இருக்கையில், பாளையம்பட்டியைத் தாண்டிக் காரியாபட்டிக்குப் போகும் சாலையில், அத்தா வண்டியை மெல்ல ஓட்டி, பின்னால் இருந்த பிள்ளைகளை முன்னே எட்டிப் பார்க்கச் சொல்லி, ஐந்து ஒன்பதுகளும் ஒருசேரப் புரண்டு ஐந்து சுழியமாவதைக் காட்டினாராம். பிள்ளைகள் கை தட்டினார்களாம். அதற்குப் பிறகும் அத்தா நெடுங்காலம் ஓட்டினார். இரண்டாம் முறையும் புரண்டதா என்பது யாருக்கும் தெரியாது.

நண்பர் நம்மிடம் கேட்டது இதைத்தான். சொல்லவேண்டுமா?

நாம் கொடுத்த முதல் விடையை இங்கே மறைப்பதற்கில்லை. வேண்டாம் என்றோம். அவர் கேட்கவில்லை, நீங்கள் பொய் சொல்லவில்லை, மீட்டரில் யாரும் கை வைக்கவில்லை. காரின் வயதையும் மீட்டரின் இலக்கங்களையும் எண்ணத் தெரிந்த எவரும் இதை ஊகிக்கலாமே என்றோம். சட்டமும் நமக்குத் துணை நின்றது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு, வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே தரும் உதாரணம் ஒரு குதிரை. நோயுள்ளது என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், ஒன்றும் பேசவில்லை, அது மோசடியன்று. அடுத்த உதாரணம்தான் நம்மைச் சற்று நிறுத்தியது. வாங்குபவள் விற்பவருடைய, இப்போதுதான் வயது வந்த, சொந்த மகளாக இருந்தால், அந்த உறவே அவரைப் பேசக் கடமைப்படுத்திவிடும். ஆங்கிலேயர் எழுதிய சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது, உறவு இருக்கும் இடத்தில் மௌனம் மௌனமாக இராது என்பது. அப்படியானால் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. கோவைப் பிள்ளை நமக்கு யார் என்பதைப் பற்றியது.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. கறவை ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்கும் முன் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, மடி பெருத்துக் காண விற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்கு வைத்துக்கொள்ளவோ, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பித் தரவோ உரிமை உண்டென்றார்கள். சட்ட விவரத்தில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு, அது நிற்க. அங்கே விற்பவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மடிதான் பொய் சொல்லிற்று. நம் மீட்டரும் அந்த மடியைப் போன்றதுதானே என்ற எண்ணம் எழுந்தது. உடனே மனம் பதில் தேடிற்று: மடியைக் கட்டியது ஒரு கை, மீட்டரைப் புரட்டியது எந்தக் கையும் இல்லை, ஓட்டம்தான் புரட்டியது. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

தப்பவில்லை. மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்து, விரலில் ஈரம் பட்ட நிகழ்ச்சி நம் வாசகர்கள் அனைவரும் அறிந்ததே. அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. அந்த வியாபாரி தண்ணீர் தெளிக்கவில்லை. மழை நனைத்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார். பெருமானார் அதை மறுக்கவில்லை, மழையின் குற்றத்தை அவர்மேல் போடவும் இல்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்றுதான் கேட்டார்கள். மழை செய்தது மழையின் காரியம். ஈரம் எங்கே இருக்கிறது என்பது வியாபாரியின் காரியம். ஓட்டம் மீட்டரைப் புரட்டிற்று. புரண்டதை மேலே வைக்காதது நாம்.

காலையில் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொரு வழி கண்டுவைத்திருந்தார். “எதையும் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இருக்கிறபடிக்கு விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பழைய வண்டி விற்கிற எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?” என்றார்.

இந்தக் கேள்வி நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதியதன்று. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் 800 திர்ஹத்துக்கு ஓர் அடிமையை, குறைகளுக்குத் தாம் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்றார்கள். (மனிதனை விற்ற அக்காலம் போய் ஒழிந்தது, அல்ஹம்துலில்லாஹ், தீர்ப்பு மட்டும் நமக்குப் படிப்பினையாக நிற்கிறது.) வாங்கியவர், இவனுக்குள்ள நோயை நீங்கள் சொல்லவில்லை என்று வழக்காடினார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போயிற்று. விற்கும்போது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று இப்னு உமர் சத்தியம் செய்யவேண்டும் என்று உஸ்மான் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் நலமடைந்தபின் 1,500 திர்ஹத்துக்கு விற்றார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சத்தியம் என்ற ஒன்றின் முன் நின்றபோது, நூற்றுக்கு நூறு தெரியாது என்று சொல்ல அந்தப் பெரியவருக்கு மனம் துணியவில்லை என்பதே நம் கருத்து.

இதற்கப்பால் மத்ஹபுகள் பிரிகின்றன. உள்நாட்டில் இருக்கும் நம் இராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். கீழக்கரை, காயல்பட்டினம் என்று கடலோரம் வாழும் மரைக்காயர் குடும்பங்கள் ஷாஃபிஈகள். எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்றால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில் விற்பனை செல்லும், விற்றவர் விடுபட்டார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ உஸ்மான் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பற்றிக்கொண்டார்கள்: உயிருள்ள பிராணியில், உள்ளே மறைந்திருக்கும், விற்றவருக்கே தெரியாத குறையிலிருந்து மட்டுமே அவர் விடுபடுவார், மற்றெதிலிருந்தும் இல்லை. பிராணிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அது தின்கிறது, நோயிலும் நலத்திலும் மாறிக்கொண்டே இருக்கிறது, அதன் உள்ளே நடப்பதை வளர்த்தவனும் முழுதும் அறியான் என்பது காரணம். பெட்ரோல் குடித்து, புகை விட்டு, ஒரு நாள் கிளம்பி மறுநாள் அடம்பிடிக்கும் இந்த ஹெரால்டு பிராணியைச் சேருமா, துணியைச் சேருமா என்று நண்பர் கேட்டார். கியாஸ் செய்யும் தகுதி நமக்கில்லை என்று சிரித்துச் சமாளித்தோம். ஆயினும் கேள்வி லேசானதன்று. இரண்டாம் முறை மீட்டர் புரண்டதோ இல்லையோ, அது பிராணியின் வயிற்றுக்குள் இருப்பது. முதல் முறை புரண்டது அப்படியன்று. அதற்குக் கை தட்டிய பிள்ளை இன்று காரை விற்கிறார்.

ஹனஃபி என்ற முறையில் நண்பருக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தைச் சொன்ன இமாமே துணி வியாபாரி என்பதை நினைவூட்டினோம். அவர்களுடைய பங்காளி ஒருவர், குறையுள்ள துணியை அந்தக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் முழு விலையையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். பிறருக்குத் தீர்ப்புச் சொல்லும்போது விசாலமாகச் சொன்னவர், தம் கல்லாவுக்கு மட்டும் இறுக்கமான தீர்ப்பை வைத்துக்கொண்டார். இதை முரண்பாடு என்பார் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. காஜியின் மன்றத்தில் ஜெயிக்கக்கூடிய வழக்கையெல்லாம் ஒருவர் தொடுத்தாக வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

இடையில் உறவினர் ஒருவர், குறையைச் சொல்லவேண்டும் என்பது முஸ்லிம் சகோதரனுக்குத்தானே, வாங்குகிறவர் வேற்று மதத்தவராயிற்றே என்றார். இப்படிப் பேசுகிறவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை என்பதால் எழுதுகிறோம். தானியக் குவியலின் முன் பெருமானார் செய்த எச்சரிக்கை வாங்குகிறவனைப் பற்றியதன்று. ஏமாற்றுகிறவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதைப் பற்றியது. கோவைப் பிள்ளையின் மதம் எதுவாயினும் நம் மதம் எது என்பதுதான் அங்கே நிர்ணயமாகிறது.

சொல்லிவிடுவது என்று தீர்மானமாயிற்று. எதையெல்லாம் சொல்வது? நண்பர் தம் மேஸ்திரியை அழைத்துவந்தார். நாற்பது ஆண்டாக அந்தக் காருக்கு வைத்தியம் பார்த்த கை. அவர் சொன்னபோதுதான் புதிய சிக்கல் வெளிப்பட்டது. பழைய கியர் பெட்டி அடிக்கடி தொல்லை கொடுத்ததால், அத்தாவின் காலத்திலேயே அதைக் கழற்றிவிட்டுப் பிற்கால வண்டி ஒன்றின் பெட்டியைப் பொருத்தியிருக்கிறார். “அத்தனையும் நல்லதுக்குத்தான் பாய் செய்தேன். அதற்கப்புறம் வண்டி ஒருநாள் நின்றதில்லை” என்றார், பெருமையோடு.

ஹனஃபி நூல்களில் ‘குறை’ என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு: வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை. எவ்வளவு நடைமுறைக்கு ஒத்த இலக்கணம்! ஆனால் எந்த வியாபாரிகளின் வழக்கம்? அருப்புக்கோட்டையில் அந்த மாற்றுப் பெட்டி ஒரு சிறப்பு. விலையைக் கூட்டிக் கேட்கலாம். பழைய வண்டிகளைச் சேர்க்கும் கோவைக் கூட்டத்திலோ, தொழிற்சாலையில் பொருத்திய உறுப்பு போய் வேறு வந்தது பெருங்குறை. ஓடாத சொந்தப் பெட்டி, ஓடும் இரவல் பெட்டியைவிட அவர்களுக்கு உயர்வு. நண்பர் தம் ஊர் வழக்கப்படி யோக்கியராக நடந்தாலும், வாங்குகிறவரின் ஊர் வழக்கப்படி மறைத்தவராகிவிடுவார்.

இந்த முடிச்சை அவிழ்க்க வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற ஸஹாபியின் வரலாறு நமக்கு உதவிற்று. ஒட்டகம் ஒன்று 300 திர்ஹத்துக்கு விலை போனதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ நினைவில் இருந்துவிட்டார்கள். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபின் பின்னாலேயே ஓடி, இதை இறைச்சிக்கு வாங்கினாயா, பயணத்துக்கு வாங்கினாயா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அப்படியானால் இதன் பாதத்தில் ஓட்டை கண்டேன், தொடர்ந்து நடக்காது என்றார்கள். வாங்கியவர் திரும்பிப் போக, விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொண்டார். விற்றவர் வாஸிலா அல்லர், அவர்களுக்கு அதில் ஒரு காசு இலாபமும் இல்லை என்பது ஒருபுறம். குறையைச் சொல்லும் முன் அவர்கள் கேட்ட கேள்வியை எண்ணிப் பாருங்கள். எதற்காக வாங்கினாய்? இறைச்சிக்கென்றால் அந்த ஓட்டை குறையே ஆகாது.

நண்பர் கோவைக்குத் தொலைபேசியில் அதையே கேட்டார். ஓட்டவா, வைத்துப் பார்க்கவா? இளைஞர் இரண்டுக்கும் என்றார். பிறகு விளக்கினார். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகத் தனியே பதிவுசெய்ய 2021-இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். அப்படிப் பதிந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான். அந்தப் பதிவுக்குப் பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டியாக இருப்பது நல்லது என்பது அவருடைய ஆசை.

வாங்குகிறவரின் பக்கத்துக் கடமையையும் சொல்லாமல் விடுவது நீதியன்று. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைக் கண்ட ஜரீர், சொந்தக்காரரிடம், இது அதற்கு மேல் பெறும் என்று சொல்லிச் சொல்லி, 800 வரை ஏற்றிக் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாகத் தாம் பெருமானாரிடம் வாக்களித்திருப்பதே அவர்கள் சொன்ன காரணம். ஊருக்குள் வரும் முன்பே, சந்தை விலை அறியாத சரக்குக் கூட்டத்தை வழிமறித்து வாங்குவதும் ஹதீஸில் தடுக்கப்பட்டதே. காரைக்குடிப் பக்கத்தில் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை வீடுகளின் தூணும் கதவும் பித்தளையும், விலை தெரியாதவரிடமிருந்து விலை தெரிந்தவருக்குப் போய்ச் சேர்ந்தவை! நம் வீடுகளிலும் அரபுத் தமிழில் எழுதிய பழைய ஏடுகளைக் காகித எடைக்குப் போட்டிருக்கிறோம். அறியாமை எப்போதும் வாங்குகிறவரிடம் மட்டும் இருப்பதில்லை.

நம் முன்னோர் கதைக்கும் ஒரு வரி. பாண்டிய நாட்டுக்குக் குதிரை கொண்டுவந்து இறக்கியவர்கள் அரபு, பாரசீக வணிகர்கள். இராவுத்தர் என்ற பெயரோடேயே குதிரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் என்றும், கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டார் என்றும், கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியனின் கருவூலமே விலை கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் கசப்பானது. இங்கே குதிரை வைத்தியரும் லாடம் அடிப்பவரும் இல்லாததால் குதிரைகள் சாகின்றன. அப்படிப்பட்டவர்கள் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுக்கிறார்கள், செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை என்று. வழிப்போக்கர் கேட்டு எழுதியது. மிகைப்படுத்தியும் இருக்கலாம், நம் புழுக்கமே அரபுக் குதிரையைக் கொல்லப் போதுமானது. ஆனால் அதில் பாதி உண்மையென்றாலும் அது நம்மைச் சுடத்தான் வேண்டும். அந்த வணிகர்கள் குதிரையைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல குதிரையைத்தான் விற்றார்கள். அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்ற அறிவைத்தான் கப்பலில் ஏற்றவில்லை.

அந்த நினைவில்தான், மேஸ்திரியையும் வரச்சொல்லுங்கள் என்று நண்பரிடம் சொன்னோம். இளைஞர் வந்த அன்று முன்கூட்டைக் கவிழ்த்துத் திறந்துவைத்து, மேஸ்திரி இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னார். எந்தக் குழாய் வெயிலில் வெடிக்கும், காலையில் எப்படிக் கிளப்பவேண்டும், வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் எப்படி உள்ளே மடங்கப் பார்க்கும் என்றெல்லாம். மீட்டர் ஒரு முறை புரண்டதை நண்பரே சொன்னார். இரண்டாம் முறை தெரியாது என்பதையும் சொன்னார். பாளையம்பட்டிச் சாலைக் கதையையும் சொல்லியிருக்கிறார். இளைஞர் அதைக் கேட்டுச் சிரித்தார். கியர் பெட்டியைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

பேசிய விலையில் நாற்பதாயிரம் ரூபாய் குறைந்தது. எழுதிய சீட்டில் மூன்று குறைகளும் பெயர் சொல்லி எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டார்கள். கட்டணத்துக்குக் குறைந்த பணத்தை நாம் கைமாற்றாகக் கொடுத்தோம். மௌனமாயிருக்கச் சொன்ன முதல் யோசனைக்கு அதுவாவது செய்ய வேண்டியிருந்தது. நண்பர் மாதந்தோறும் திருப்பித் தந்துவருகிறார், வேண்டாமென்றால் கேட்பதில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கும். சென்ற மாதம் தறிக்கொட்டகையின் பரணைச் சுத்தம் செய்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றி, சாக்கில் கட்டி, அத்தாவின் கையெழுத்தில் தேதியிட்ட பொதி ஒன்று கிடைத்திருக்கிறது. ஹெரால்டின் சொந்தக் கியர் பெட்டி. அத்தா எதையும் தூக்கி எறிகிறவர் அல்லர். கோவையில் அதற்கு நல்ல விலை உண்டு. அந்த இளைஞருக்கோ அது கிடைத்தால் வண்டியின் குறையே தீர்ந்துவிடும். விற்பனையில் இது சேராது, வண்டியோடு பொருந்தியிராத பொருள் பேச்சில் வராவிட்டால் விற்றவருக்கே சொந்தம் என்பது சட்டம். அந்தப் பெட்டி இல்லை என்பதற்காகவே விலை குறைத்தார்களே, இப்போது அதற்குத் தனி விலை வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு வாங்கலாம் என்று நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். வாரிசுகளின் பங்கும் இதில் இருக்கிறது என்றும் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

கடிதம் நம் மேஜைமேல் இருக்கிறது. இம்முறை அவசரப்பட்டு விடை எழுதுவதாக இல்லை.